கொடிப்பட்டினத்தின் நீண்ட பகல்

மாசி மாதத்தில் ரமலான் நோன்பு வந்த ஒரு வருஷம், கொடிப்பட்டினத்தில் ஒரு நாள் சூரியன் மறையாமல் நின்றுவிட்டது. அதைப் பற்றி இப்போது அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும், ஆமாம், அன்றைக்குப் பள்ளிவாசல் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் சொல்வார்கள். அதற்கப்புறம் காயப்போட்ட கருவாட்டைப் பற்றியும், அடைய மறுத்த கோழிகளைப் பற்றியும், பக்கத்து ஊர்க்காரர்கள் அதை வைத்து இன்றுவரை அடிக்கும் கேலியைப் பற்றியும் சொல்வார்கள். ஏன் நின்றது என்று கேட்டால், "ஒரு விருந்தாளிக்காக நின்னுச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். விருந்தாளியின் பெயர் அவர்களுக்கு நன்றாகவே தெரியும், ஆனால் சொல்லமாட்டார்கள். அதனால் நாம்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

அவர் பெயர் தாணுலிங்கம். நாகர்கோவிலில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி விற்கும் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், கலகலப்பாகப் பேசுவார், நாலு பேருக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்பார். குறை என்று சொன்னால் ஒன்றுதான், எதையும் பாதியில் விட்டுவிடுவார். இந்தி கற்றுக்கொள்ளப் போய் எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு விட்டுவிட்டார். புல்லாங்குழல் வாங்கி ஸ்வரவரிசையோடு நிறுத்தினார். மாடி எடுக்கப்போவதாகச் சொல்லி மொட்டைமாடியில் கம்பிகளை நீட்டிவைத்தார், அந்தக் கம்பிகள் துருப்பிடித்து நிற்க, அவர் மனைவி பகவதி அவற்றில் கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். அதனால் கன்னியாகுமரியிலிருந்து கடற்கரை ஓரமாகவே கொல்கத்தா வரை சைக்கிளில் போகப்போகிறேன் என்று அவர் சொன்னபோது யாரும் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்திருக்கும்.

பகவதி மட்டும், பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "இதையாவது முழுசா முடிச்சுட்டு வாங்க. முடியலேன்னா, முடியலேன்னு சொல்லிட்டுத் திரும்பி வாங்க. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரிதான். நடுவுல நின்னுக்கிட்டுக் கதை மட்டும் விடாதீங்க."

கடைவீதி நண்பர்கள் சைக்கிளின் முன்னால் ஒரு போர்டு கட்டிவிட்டார்கள். 'தொடங்கியதை முடிப்போம், குமரி முதல் கொல்கத்தா வரை விழிப்புணர்வு சைக்கிள் பயணம்' என்று அதில் எழுதியிருந்தது. எதைப் பற்றி விழிப்புணர்வு என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் தாணுலிங்கம் போர்டையே விரல்விட்டுக் காட்டினார். ஊருக்கு ஊர் யாராவது ஒரு சங்கத்தார் காத்திருந்து பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், அந்தப் படம் அன்றைக்கே நாகர்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் சில நாட்கள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தன.

கொடிப்பட்டினத்தில் வரவேற்புக்குப் பொறுப்பெடுத்தவர் நெய்னா முகம்மது. ஹார்டுவேர் கடைக்காரர், ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். தாணுலிங்கம் அங்கே போய்ச் சேரவேண்டிய நாளன்று காலை அவர் போன் செய்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நோன்பு மாசம். மஃரிபுக்கு முந்தி, பொழுது அடையறதுக்குள்ள வந்துட்டீகன்னா எல்லாருமா ஒக்காந்து நோன்பு தொறக்கலாம். தொலைவு சாஸ்தி. முடியாதுன்னா சொல்லுங்க, நான் வண்டி அனுப்புறேன்."

"வண்டியா? என்ன தம்பி பேசுதீங்க!" என்றார் தாணுலிங்கம். ஸ்பீக்கரில் நாலு பேர் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "நான் மிதிச்சு வந்து சேராம இன்னைக்கு உங்க ஊர்ல சூரியன் மறையாது, பாருங்க!"

அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. இப்படிப்பட்ட பேச்சை நாம் எல்லோருமே பேசியிருக்கிறோம், தலைகீழாக நிற்பேன் என்றிருக்கிறோம், மீசையை எடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறோம், ஒருவரும் நம் மீசையைத் தேடி வந்ததில்லை. அன்றைக்கு மட்டும் யாரோ அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டார்கள்.

தாணுலிங்கம் வெளுக்கும் முன்பே கிளம்பியிருந்தார். காலை முழுக்க உப்பளங்களுக்கு நடுவே மிதித்தார், பனைகளுக்கு நடுவே மிதித்தார், சீமைக்கருவேலங்காடு இருபுறமும் நெருக்க மிதித்தார், வெயில் ஏற ஏற எதிர்காற்றும் ஏறி வந்து அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ள, முன்னால் கட்டியிருந்த போர்டு பாய்மரம் போலக் காற்றை வாங்கிக்கொண்டு அவரைப் பின்னுக்கு இழுக்க, ஒரு மிதிக்கு அரை மிதி என்று போய்க்கொண்டிருந்தார். மதியம் தாண்டியதும் தொடை இரண்டும் அவருடையவை அல்லாதவை போல ஆகிவிட்டன. சாமியார்மடத்துக்கு ரோடு பிரியும் விலக்கில், கூரை பறந்துபோன ஒரு பஸ் நிழற்குடையின் சுவரோரம், சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். இங்கிருந்து கொடிப்பட்டினம் வரை ஊரே கிடையாது, ஒரு டீக்கடையும் உப்பாற்றுப் பாலமும் மட்டும்தான். போர்டை அவிழ்த்துப் போட்டால் கொஞ்சம் இலகுவாகப் போகலாம் என்று தோன்றியது. ஆனால் போர்டு இல்லாமல் போய் இறங்கினால் படத்தில் என்ன தெரியும்?

அப்போதுதான் உப்பு ஏற்றிய லாரி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, முகமெல்லாம் செத்துக் கெடக்கே. சைக்கிளைத் தூக்கி மேல போட்டுட்டு ஏறுங்க."

"இல்லப்பா, நான் மிதிச்சுத்தான் போகணும்."

"காத்து அடிக்கிற அடிக்கு நீங்க நாளைக்குத்தான் போவீங்க. ஏறுங்கண்ணே. யாரு பாக்கப்போறா?"

தாணுலிங்கம் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு ஆடுகூட இல்லை. தலைக்கு மேலே பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. சைக்கிளோடு மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று தார்ப்பாயை இழுத்து முகம்வரை மூடிக்கொண்டார். உப்பு மூட்டைகளின் இதமான குளிர்ச்சியில் அப்படியே தூங்கியும் போனார்.

ஊருக்கு வெளியே ஒரு சிறு கல்பாலத்தருகே டிரைவர் எழுப்பி இறக்கிவிட்டான். அதற்குப் பிறகு தாணுலிங்கம் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. லாரி போகும்வரை நின்றார். பாட்டிலைத் திறந்தார். மிச்சமிருந்த தண்ணீர் அத்தனையையும் தலையிலும் கழுத்திலும் சட்டை முதுகிலும் ஊற்றிக்கொண்டார். பிறகு சைக்கிளில் ஏறி, மூச்சு வாங்குவது போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊருக்குள் மிதித்தார்.

"வாங்க சார், வாங்க! ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்!" என்று நெய்னா ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். பள்ளிவாசலுக்கு எதிரே பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பெரிய தேக்சாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்க, பெண்கள் தூக்குவாளிகளோடு மதிலோரம் நின்று பார்த்தார்கள். பச்சைப் பொன்னாடை தோளில் விழுந்தது. அதைச் சரிசெய்யும்போது நெய்னா அவர் சட்டையைக் கவனித்தார். ஈரம் காயக் காய, முதுகிலும் கையிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"பாருங்க, பாருங்க, மனுசன் சிந்தின வேர்வையை! சட்டையெல்லாம் உப்பாக் கெடக்கு!" என்று நெய்னா எல்லோருக்கும் காட்டினார். பெரியவர்கள் அருகே வந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். மூட்டைகளில் ஒட்டிய உப்பு அது. தாணுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார், அதையும் அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

படம் நாகர்கோவிலுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பகவதியிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: 'சந்தோஷம்.' கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எந்தக் காரியத்துக்கும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. போனைச் சட்டைப்பையில் வைத்தபோது நெஞ்சில் சுட்டது.

பந்தலில் அவர் பக்கத்து நாற்காலியில் ஒரு சிறுமியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நெய்னாவின் மகள் ருக்கையா. அன்றைக்கு அவளுக்குத் தலைநோன்பு, வாழ்க்கையில் பிடிக்கிற முதல் நோன்பு. மாப்பிள்ளை வீட்டார் வருவது போல வீட்டில் அமர்க்களம், புதுப் பாவாடை, கழுத்தில் மல்லிகை மாலை, கையில் மருதாணி. உதடு வெடித்திருந்தது, ஆனால் மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, ரொம்பத் தூரம் மிதிச்சீகளா?"

"ஆமா மக்ளே."

"நடுவுல எறங்கணும்னு தோணலையா?"

தாணுலிங்கம் தொண்டையைக் கனைத்தார். "தோணிச்சு."

"எறங்கலையே," என்றாள் ருக்கையா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "நானும் காலைலேருந்து தொறக்கணும் தொறக்கணும்னு நெனைச்சேன். தொறக்கலையே."

நோன்பு திறக்கும் நேரம் வந்தது. எல்லோர் முன்னாலும் பேரீச்சம்பழமும் வடையும் தண்ணீரும் வைக்கப்பட்டன. மோதினார் சுல்தான் பாங்கு சொல்ல ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல மேற்கே ஒரு பார்வை பார்த்தார். கருவேலங்காட்டுக்கு ஒரு சாண் மேலே சூரியன் நின்றுகொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பவும் சூரியனைப் பார்த்தார். "கடியாரம் ஓடிப்போச்சு போல" என்று கடிகாரத்தைக் குலுக்கினார். எல்லோரும் தங்கள் தங்கள் கடிகாரத்தையும் போனையும் பார்த்தார்கள், எல்லாம் ஒரே நேரத்தைத்தான் காட்டின. அப்படியும் யாரும் பதறவில்லை. இருக்கட்டும், இறங்கட்டும் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சூரியன் இறங்கவில்லை. கஞ்சி கெட்டியானது, தண்ணீர் ஊற்றினார்கள். திரும்பவும் கெட்டியானது, திரும்பவும் ஊற்றினார்கள். கருவாடு அள்ளப் போன பெண்கள், இன்னும் வெயில் இருக்கிறதே என்று புரட்டிப்போட்டு வந்தார்கள். கோழிகள் கூட்டு வாசலில் நின்று உள்ளே போவதா வேண்டாமா என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊறப் போட்டிருந்தவர்கள் இரண்டாவது முறை தேய்த்தார்கள். ஒரு வீட்டில், எப்படியும் வெளிச்சம் இருக்கிறது என்று, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட கூரை ஓடு மாற்றும் வேலையை ஆரம்பித்தே விட்டார்கள்.

வடக்கே, பக்கத்து ஊரான அலையாத்துறையிலிருந்து பஸ் வந்தது, முன்விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. ஊர் எல்லையில் டிரைவர் விளக்கை அணைத்தார். "என்னங்க, ஒங்க ஊர்ல இன்னும் பகலா?" என்று கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார். "அங்கெல்லாம் இருட்டி எவ்வளவு நேரமாச்சு! நோன்பு தொறந்து, தொழுது, பிரியாணி சாப்ட்டுக்கிட்டு இருக்காக."

அந்தச் செய்திதான் ஊரைக் கலக்கியது. சூரியன் நின்றதுகூடப் பரவாயில்லை, அலையாத்துறையில் மறைந்துவிட்டதே! இரண்டு ஊருக்கும் பிறை பார்ப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தகராறு, ஒரு ஊர் பெருநாள் கொண்டாடும் நாளில் மற்ற ஊர் நோன்பு வைத்திருக்கும்.

"இத்தன நாளாப் பிறையிலதான் சண்டை, இப்பச் சூரியன்லயுமா?" என்றார் மோதினார்.

"ரெண்டு வேன் புடிச்சு அலையாத்துறைக்குப் போயிட்டா, அங்க தொறந்துக்கிறலாமே?" என்று தாணுலிங்கம் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"அதுக்குப் பட்டினியே கெடக்கலாம் சார்," என்றார் ஒருவர். "நம்ம ஊரு சூரியனை அம்போன்னு விட்டுட்டு அவுக ஊரு இருட்டுல போயிக் கஞ்சி குடிக்கவா?"

பள்ளிவாசல் இமாமான ஹஜரத்தைக் கேட்டார்கள். அவர் மேற்கே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணுக்கு நேரா சூரியன் நிக்கும்போது பாங்கு சொல்லச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா மார்க்கத்துல கஷ்டம் இல்ல. முடியாதவுக, வயசானவுக, நோயாளிக தொறந்துக்குங்க, பொறகு வேறொரு நாள் அதுக்கு ஈடா களா வச்சுக்கலாம். பிள்ளைகளுக்குக் கடமையே ஆகல, அதுகளுக்கு மொதல்ல தண்ணி குடுங்க." நியாயமான பேச்சுதான். சர்க்கரை நோய்க்காரர்களும், நாலைந்து பெரியவர்களும் ஓரமாகப் போய்த் திறந்துகொண்டார்கள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நான் ஒன்றும் முடியாதவன் இல்லை என்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

நெய்னா நிலைமையைக் கலகலப்பாக்கப் பார்த்தார். "காலைல சார் என்ன சொன்னாக தெரியுமா? நான் மிதிச்சு வந்து சேராம ஒங்க ஊர்ல சூரியன் மறையாதுன்னாக! அந்தப் பேச்சைச் சூரியன் நம்பிருச்சு போல. யாராச்சும் போயிச் சொல்லுங்கப்பா, சார் மிதிச்சு வந்து ரொம்ப நேரமாச்சுன்னு!"

பந்தலே சிரித்தது. தாணுலிங்கமும் சிரித்தார். 'மிதிச்சு' என்ற சொல் மட்டும் அவர் காதிலேயே நின்றுவிட்டது.

ஒரு நப்பாசையில், "கல்பாலத்துக்கிட்ட என் தண்ணி பாட்டிலை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். பாட்டில் பையில்தான் இருந்தது. கல்பாலம்வரை போய், லாரியிலிருந்து இறங்கிய இடத்தில் காலை ஊன்றித் திரும்பி, ஊரைப் பார்த்து மிதித்தார். சூரியன் அசையவில்லை. இந்தத் தூரத்தை அவர் ஏற்கெனவே மிதித்திருந்தார், அதை யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. மிதிக்காத தூரம் தெற்கே கிடந்தது, கல்பாலத்திலிருந்து சாமியார்மடம் விலக்குவரை, அந்த ரோடு முழுக்க வெயில் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது பந்தலில் ஒரே கூட்டம். ருக்கையாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் உம்மா ஜெய்த்தூன் மண்டியிட்டு, தண்ணீர் தம்ளரை அவள் உதட்டில் வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஹஜரத்தே வந்து, "திறந்துக்கம்மா, அல்லாஹ் ஒண்ணும் சொல்லமாட்டான்" என்றார். சிறுமி உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். மாலையிலிருந்த மல்லிகை வாடித் தொங்கியது.

"ஏண்டி இப்பிடி அடம் பிடிக்கிற? யாருக்காக?" என்று ஜெய்த்தூன் அழுதாள்.

ருக்கையா கண்ணைத் திறந்து, கூட்டத்துக்குள் தேடி, தாணுலிங்கத்தைக் கண்டுபிடித்தாள். "சைக்கிள் மாமா பாதியில விடலைல. நான் மட்டும் விடுவேனா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், பெருமையாக. ஜெய்த்தூன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "நீங்களாச்சும் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா."

என்ன சொல்வது? மக்ளே, நான் பாதியில் விட்டவன், லாரியில் தூங்கிக்கொண்டு வந்தேன், இது உப்பு மூட்டையின் உப்பு, நீ குடி என்று சொன்னால் அவள் குடித்துவிடுவாள். சொல்லவேண்டியது அதுதான். வாயைத் திறந்தார். அவளுடைய கண்ணைப் பார்த்தார், அவ்வளவு நம்பிக்கையோடு தன்னை ஒருவரும் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது, திறந்த வாயை மூடிக்கொண்டார். இந்தக் கூட்டத்தில் தாகத்தோடு இருப்பவர்கள் அத்தனை பேரும் தன்னால்தான் தாகத்தோடு இருக்கிறார்கள், அது தெரிந்த ஒரே ஆளும் தான்தான், அப்படியும் தன் மானத்தைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பொன்னாடையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். சைக்கிள் முன்னாலிருந்த போர்டின் கயிறுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்துக் கீழே சாய்த்தார்.

"எங்க சார்?" என்றார் நெய்னா.

"ஒண்ணு விட்டுட்டு வந்துட்டேன்."

"பாட்டிலா? பையங்களை பைக்குல அனுப்புறேன் சார்."

"இல்ல தம்பி. நான்தான் போகணும்."

நெய்னா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையிலிருந்த உப்பைப் பார்த்தார். வழியை விட்டு நகர்ந்து நின்றார்.

தெற்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது, ஆனாலும் கால் கனத்தது. பாட்டில் காலி. வேர்வையாகக் காட்டுவதற்குக் கொட்டிய தண்ணீர் இப்போது இருந்திருக்கலாம். நோன்பாளிகள் நிறைந்த ஊரில் போய்த் தண்ணீர் கேட்க அவருக்கு முகமில்லை. உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டினார், டீக்கடையைத் தாண்டினார். கடைக்காரம்மா வாசலில் விளக்கும் தீப்பெட்டியுமாக நின்றாள். "விளக்கு வைக்கிற நேரம் எப்பவோ போச்சு. போயிட்டுச் சட்டுனு வாங்க" என்றாள், கடைக்குப் போகும் பிள்ளையிடம் சொல்வது போல. சூரியன் வலது பக்கம் அப்படியே வந்துகொண்டிருந்தது.

சாமியார்மடம் விலக்கு வந்தது. கூரையில்லாத நிழற்குடையின் சுவரில், தான் சைக்கிளைச் சாய்த்த அதே இடத்தைத் தொட்டுவிட்டு, வடக்கே திரும்பி, பெடலை அழுத்தினார். சூரியன் ஒரு நூல் கீழே இறங்கியது.

அவர் கால் நின்றால் அது நின்றது. மிதித்தால் இறங்கியது. எதிர்காற்று நெஞ்சில் கை வைத்தது, அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்தக் கைக்குள்ளேயே புகுந்து மிதித்தார், உப்பளத்தைப் பார்த்தபடி மிதித்தார், கருவேலங்காட்டைப் பார்த்தபடி மிதித்தார், இந்தி எழுத்துக்களை நினைத்து மிதித்தார், மாடிக் கம்பிகளை நினைத்து மிதித்தார், வெடித்த உதட்டை நினைத்து மிதித்தார். மூச்சுமுட்டி நின்ற ஓரிடத்தில்தான் அவருக்கு அது உறைத்தது. கொடிப்பட்டினத்தில் எல்லோரும் இப்போது மேற்கேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் இறங்கும், நிற்கும், இறங்கும், நிற்கும். எங்கேயோ ஒருவன் மிதிக்கிறான், மூச்சு வாங்க நிற்கிறான், திரும்ப மிதிக்கிறான் என்பது பச்சைக் குழந்தைக்கும் விளங்கிவிடும். அந்த ஒருவன் யார் என்பதும் விளங்கிவிடும். அவர் செய்த காரியத்தை வானத்தில் எழுதிப்போட்டது போலாயிற்று.

ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, தான் நின்று அழுகிற நேரமும் அவர்களுக்குத் தாகம்தானே என்று நினைத்து, அழுதுகொண்டே மிதித்தார்.

பாலத்து ஏற்றத்தில் எதிரே லாரி வந்தது. அதே லாரி, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, நீங்க இன்னும் இங்கயேதான் இருக்கீங்களா?"

அதைவிட உண்மையான கேள்வியை அன்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. "ஆமாப்பா," என்றார்.

"ஏறுங்க, வண்டியைத் திருப்பி ஊர்ல விட்டுட்டுப் போறேன். யாரு பாக்கப்போறா?"

தாணுலிங்கம் பேச மூச்சில்லாமல், மேற்கே கையைக் காட்டினார். மரங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டு சூரியன் சிவப்பாக நின்றது. டிரைவர் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தலையைச் சொறிந்துகொண்டு கியரைப் போட்டான். அவர் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்துப் பாலத்தின் உச்சியை ஏறினார்.

டீக்கடை ஏற்கெனவே பின்னால் போயிருந்தது. கல்பாலம் வந்தபோது காட்டுக்கு மேல் சூரியன் நகக்கண் அளவு மட்டும் மிச்சமிருந்தது. கல்பாலத்தைத் தாண்டிய மிதியில் அதுவும் போனது.

பாங்கு கேட்டது. மோதினார் சுல்தானின் குரல் உலர்ந்து கரகரத்து, முதல் வரியில் தடுமாறி, அப்புறம் எடுத்துக்கொண்டு எழுந்தது. கோழிகள் அடைந்தன. வீடுகளில் விளக்கு எரிந்தது. தாணுலிங்கம் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் நடந்தார், மிதிக்கக் காலில் ஒன்றும் மிச்சமில்லை. சட்டையிலிருந்த உப்பு மூட்டை உப்பெல்லாம் எப்போதோ கரைந்து ஓடிவிட்டிருந்தது.

பந்தலில் தம்ளர்களின் சத்தம் மட்டும்தான். அவர் வெளிச்சத்துக்குள் வந்ததும் அதுவும் நின்றது. ஊர் முழுவதும் அவரைப் பார்த்தது. திட்டுவார்கள் என்று நினைத்தார், திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். மோதினார் மட்டும், "பாலத்து ஏத்தமாத்தான் இருக்கும், சூரியன் ரொம்ப நேரம் நின்னுச்சு" என்று யாரிடமோ சொல்ல வந்து, ஹஜரத் பார்த்த பார்வையில் மீதியைத் தண்ணீரோடு விழுங்கினார்.

ருக்கையா கையில் பாதி கடித்த பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். உதடு ஈரமாக இருந்தது. அவர் மடித்து வைத்துவிட்டுப் போன பச்சைப் பொன்னாடையை யாரோ அவள் தோளில் போர்த்தியிருந்தார்கள். அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், போர்டு இல்லாத சைக்கிளைப் பார்த்தாள், நடுங்குகிற காலைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்கும் தெரிந்துவிட்டது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"மாமா," என்றாள். "இப்பத்தான் வந்தீகளா?"

"ஆமா மக்ளே," என்றார் தாணுலிங்கம், எல்லோருக்கும் கேட்கும்படி. "இப்பத்தான் வந்தேன்."

பிறகு நெய்னா எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, இதுவரை அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை என்பது போல ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"வாங்க சார், வாங்க. ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்."

அடிப்பிடித்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர் தலை நிமிராமல் குடித்தார்.